மலை மறுக்கும்போது

அழகைக் காண்பதற்கு நாள் குறிக்கலாமா? திருமணத்திற்கு நாள் குறிக்கிறோம். வீடு கட்ட நாள் குறிக்கிறோம். திருவிழாக் கொடியேற்றத்திற்கும் நாள் குறிக்கிறோம். இவையெல்லாம் பெரும்பாலும் நம் கையில் உள்ளவை. மரம் பூப்பதும் இலை பழுப்பதும் நம் கையில் இல்லை. அவ்வாறு நம் கையில் இல்லாத ஒன்றைக் காண, விடுமுறை பெற்று, பயணச்சீட்டு வாங்கி, கட்டுச்சோறு கட்டி, இன்ன நாளில் இன்ன மலைமேல் நிற்போம் என்று திட்டமிடுவது அறிவுடைமையா, பேராசையா? செஞ்சிக்கு அருகே அனந்தபுரம் போன்ற ஊர்களில் குன்றுகளைப் பார்த்தபடியே வாழும் நமக்கும், கடல் கடந்து வாழும் நம் மக்களுக்கும் பொதுவான கேள்வி இது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி புரட்டாசி தோறும் எழக்கூடும். அங்குள்ள ராக்கி மலைச்சரிவுகளில் ஆஸ்பென் என்னும் மரம் அடர்ந்து வளர்கிறது. வெளிறிய பட்டையும் வட்டமான சிறு இலையும் கொண்டது. இலைக்காம்பு தட்டையாக இருப்பதால், நம் ஊர் அரசிலையைப் போல, இளங்காற்றிலும் அதன் இலைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். செப்டம்பர் இறுதியில் இரவு நீண்டு குளிர் மிகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மலை பொன் போர்த்துக்கொள்கிறது. உயர்ந்த சரிவுகளில் முதலிலும் தாழ்ந்த சரிவுகளில் பின்னரும் இம்மாற்றம் நிகழும். ஓரிடத்தில் அது முழு ஒளியோடு நிற்பது ஏறத்தாழ ஒரு வாரமே. பெருங்காற்று ஒன்று வீசினாலும், பனி முந்திப் பெய்தாலும் ஒரே இரவில் எல்லாம் தரையில் கிடக்கும்.

அந்த ஒரு வாரத்தைக் காணத் திரள்வோரின் தொகை பெரிது. அம்மாநிலத்திலுள்ள மெரூன் பெல்ஸ் என்னும் புகழ்பெற்ற மலைப்பகுதியில் கூட்டம் மிகுந்துவிட்டதால், பருவ நாட்களில் சொந்த ஊர்திகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. பேருந்து இருக்கையையோ வண்டி நிறுத்தும் இடத்தையோ முன்னரே பதிவு செய்தாக வேண்டும். ஆக, தனக்கென நாள் சொல்லாத ஒரு மரத்தைக் காண மனிதன் நாள் சொல்லிப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்நாளில் மரம் பொன்னாக இருக்குமா, பச்சையாக இருக்குமா, மொட்டையாக நிற்குமா என்று உறுதி கூறுவார் எவருமில்லை.

நம் செஞ்சிக் குன்றுகளில் இலையுதிர்வு புரட்டாசியில் வருவதில்லை. அது மழையை எதிர்நோக்கி நிற்கும் காலம். மாசியிலும் பங்குனியிலும்தான் நம் காட்டு மரங்கள் இலையை உதிர்க்கின்றன. அங்கே குளிரின் பொருட்டு நிகழ்வது இங்கே வறட்சியின் பொருட்டு நிகழ்கிறது. வேருக்குக் கிடைக்கும் நீர் குறையும்போது இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போய்விடாதபடி மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது. வருவாய் குறைந்தால் செலவைச் சுருக்கும் குடும்பத் தலைவியின் சிக்கனம் அது. நம் தவக்காலம் பெரும்பாலும் இதே பருவத்தில் வருவதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

பொன்னும் இக்காலத்தில்தான் நமக்கு வருகிறது. அது பூவாக வருகிறது. வறண்ட பாறைக் குன்றுகளில் வளரும் மஞ்சள் கோங்கு, இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் கிளையாக நிற்கும்போது, உள்ளங்கை அளவு பொன்னிறப் பூக்களைப் பூக்கும். பழுப்பேறிய சரிவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகளுக்கிடையே, அது எரியும் விளக்கைப் போலத் தெரியும். அதனைத் தொடர்ந்து சித்திரையில் சரக்கொன்றை கொத்துக் கொத்தாய் மஞ்சள் தொங்கவிடும். கொலராடோவுக்குப் போகாமலே காணத்தக்க பொன் நமக்கும் உண்டு. அதற்கும் சில வாரங்களே வாழ்வு.

அனந்தபுரத்துக் குடும்பம் ஒன்று பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், பாட்டி முதல் பேரன் வரை ஒன்றுகூடி, அருகிலுள்ள மலையேறிப் பூத்த மரங்களைக் கண்டு வரலாம் என்று திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். இதில் அறநெறி பற்றிய கேள்வி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். இரண்டு திசைகளிலிருந்து வருகிறது.

முதல் திசையிலிருந்து எழுவது ஏழ்மையைச் சுட்டும் குரல். குன்றுகளைச் சார்ந்து வாழும் ஊர்களில் மலை என்பது விறகும் மேய்ச்சலும். வெயிலில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாய் இறக்கும் தாய்க்கு, அதே சரிவில் பூப்பார்க்க ஏறிவரும் கூட்டம் எப்படித் தோன்றும்? வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றுதானே? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எனினும், அழகு செல்வர்க்கு மட்டும் உரியது என்று சொல்லிவிட்டால் அந்தத் தாயிடமிருந்து இன்னொன்றையும் பறித்தவராவோம். சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் நேரத்தில் அவரும் நிமிர்ந்து அந்தப் பூமரத்தைப் பார்க்கிறார். பார்க்கும் கண் அவருக்கும் உண்டு. பார்க்கும் ஓய்வுதான் இல்லை. அவ்வோய்வு அனைவர்க்கும் வாய்க்க வேண்டும் என்று விரும்புவதே நேர்மையான மறுமொழி.

திருச்சபை 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்திய பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி இதற்கு நல்ல சான்று. இத்தாலியின் தூரின் நகரில் 1901-இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த இந்த இளைஞர் மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவர். நண்பர்களைத் திரட்டி ஆல்ப்ஸ் மலைகளுக்குச் செல்வதற்குத் திட்டமிடுவதில் முன்னிற்பவர். அவரே, நம் பங்குகளிலும் இயங்கி வரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து, ஏழையரின் குடிசைகளைத் தேடிச் சென்றவர். இளம்பிள்ளைவாத நோயால் 1925-இல் தம் 24-ஆம் வயதில் இறந்தபோது, இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழையரின் கூட்டத்தைக் கண்ட பின்னரே, மகன் யார் என்பதைக் குடும்பத்தார் உள்ளபடி உணர்ந்தனர் என்பர். மலைமேல் ஏறிய கால்களும் குடிசைக்குள் குனிந்து நுழைந்த கால்களும் ஒருவருடையவையே. அழகின்மீது கொண்ட அன்பு அயலார்மீது கொள்ளும் அன்புக்குப் பகையாக வேண்டியதில்லை.

இரண்டாம் திசையிலிருந்து எழுவது கலைமனத்தின் குரல். அழகு எதிர்பாராமல் வந்து தொட வேண்டும். நாள் குறித்துப் போய்ப் பார்ப்பது சந்தைக்குப் போவதைப் போன்றது என்பர். கேட்க இனிமையான கருத்துத்தான். ஆயின் மலை இக்கருத்தை ஒப்புக்கொள்ளாது. திட்டமின்றி மலையேறுகிறவன் தண்ணீரின்றி ஏறுகிறான். இருட்டுமுன் இறங்கும் கணக்கின்றி ஏறுகிறான். உடன் வருவோரின் மூச்சையும் முழங்காலையும் எண்ணாமல் ஏறுகிறான். அவனைத் தேடி இறக்கிக் கொண்டு வருபவர்கள் அவ்வூர் ஏழைகளே. ஆதலால், மலையைப் பொறுத்தவரை, திட்டமிடுதல் பிறர்க்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் எத்தகைய திட்டம் நல்ல திட்டம்? இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். திட்டத்தின் இயல்பே விடாப்பிடி. பணம் கட்டியாயிற்று, விடுமுறை எடுத்தாயிற்று, உறவினர்க்கெல்லாம் சொல்லியாயிற்று. இனிக் காணாமல் திரும்புவதா என்னும் எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை ஆளத் தொடங்கும். அழகைக் காண்பது நமக்குத் தரப்பட்ட கொடை என்பது மறந்து, நாம் செலுத்திய விலைக்கு ஈடாக வரவேண்டிய சரக்கு என்று ஆகிவிடும். அந்நிலையில் மலை மறுத்தால் நமக்குச் சினம் வருகிறது. மலை மறுக்கக்கூடும் என்பதற்கு முன்னரே இடம் வைத்திருக்கும் திட்டம் எதுவோ, அதுவே நல்ல திட்டம்.

அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டைக் காண்போம். இரண்டும் 2018-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிகழ்ந்தவை.

பழந்தமிழர் மலைநிலத்திற்கே பெயராகச் சூட்டிய குறிஞ்சி, அவற்றுள் நீலக்குறிஞ்சி, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, அடுத்து 2018-இல் பூத்தது, இனி 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. 2018 பூப்பைக் காண மூணாற்றுக்கும் கோடைக்கானலுக்கும் செல்லப் பலர் நெடுநாள் முன்னரே திட்டமிட்டிருந்தனர். ஆகஸ்ட் மாதத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. மலைகள் சரிந்தன; சாலைகள் சிதைந்தன; மூணாறு துண்டிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்ட அவ்வேளையில், பூவைக் காணப் போகவிருந்தோர் தம் பயணங்களைக் கைவிட்டனர். சிலர்க்கு அடுத்த பூப்பு வரை ஆயுள் இருக்குமோ என்னும் ஐயமும் இருந்திருக்கும். குறிஞ்சி, தன் கணக்கின்படி, பார்ப்பார் குறைந்த சரிவுகளிலும் பூத்தது. நம் கண்களுக்காக அது பூப்பதில்லை என்பதை அவ்வாண்டு தெளிவாகக் கற்பித்தது. 12 ஆண்டுக் காத்திருப்பை ஒரு வெள்ளத்தின் முன் மௌனமாகக் கீழே வைத்துவிட்டவர்களின் செயலில் ஓர் அறம் இருந்தது. வெளிப்பார்வைக்கு அவர்கள் இழந்தவர்கள். ஆயின், பிறர் துயரத்தின் நடுவே தம் ஆசையைப் பெரிதாக எண்ணாதிருக்கும் உரிமையைப் பெற்றவர்கள்.

அதே ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்தது நம் நெஞ்சை இன்றும் சுடுவது. விடுமுறை நாளில் மலைநடை சென்று திரும்பிக் கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் இளம் வயதினர். அவர்கள் தவறான எதையும் தேடிப் போகவில்லை; மலையின் அழகைத்தான் தேடிப் போனார்கள். யார்மீது குறை என்று ஆராய்வது நம் நோக்கமன்று. நமக்கு இங்கே வேண்டியது ஓர் உண்மை: இலையுதிரும் பருவம் தீயின் பருவமும் ஆகும். நாம் காண விரும்பும் பழுத்த இலையும், வெயிலில் மின்னும் மஞ்சள் புல்லும், தீக்கு விறகு. அழகும் ஆபத்தும் ஒரே சருகில் கிடக்கின்றன.

அத்துயரத்திற்குப் பின் மலைநடைக்கெனத் தமிழக அரசு 2018-இல் விதிகள் வகுத்தது. 2024-இல் மாநிலம் முழுவதும் 40 மலைநடைப் பாதைகளை வரையறுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் ஏற்பாட்டையும் தொடங்கியது. கோடைத் தீப்பருவத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவதோ எப்பருவத்திலும் குற்றம். இப்போது அனந்தபுரத்துக் குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பொன் பூக்கும் பருவமே கதவு சாத்தப்படும் பருவம்! மஞ்சள் கோங்கு பூத்து நிற்கும்போதுதான் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டிக் காவல் இருப்பர். மரம் அழைக்கும் அதே நாளில் மலை மறுக்கிறது.

இவ்விடத்தில் மனித மனம் சாக்குகளைத் தேடும். நாங்கள் ஐந்தாறு பேர்தாமே. நாங்கள் புகை பிடிப்பவர்கள் அல்லரே. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாத காடா. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடலாமே. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தோன்றும். ஆயின், தனக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கும் ஒவ்வொருவரும் மற்றவர்களெல்லாம் விதியைக் காப்பார்கள் என்று நம்பியே அதைக் கேட்கிறார்கள். எல்லாரும் அவ்வாறு கேட்டால் காடு எஞ்சாது. உண்மையும் கடமையும் பெரிய சோதனைகளில் மட்டும் உரசிப் பார்க்கப்படுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையின் தடுப்புக் கம்பத்தருகேயும் உரசிப் பார்க்கப்படுகின்றன.

செஞ்சியின் வரலாறே இதற்கு ஒரு விளக்கம் தருவதாகத் தோன்றுகிறது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுப்பிய கோட்டை இது. இக்குன்றுகளைக் கைப்பற்றத் திட்டமிட்டவர் எத்தனை பேர்! 1677-இல் சிவாஜி பீஜப்பூர் அரசிடமிருந்து இதனைப் பெற்றார். 1690-இல் தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படை முற்றுகையிட்டது. 1698-இல் கோட்டை வீழ்ந்தபோது, அவர்கள் தேடிய இராஜாராம் தப்பிச் சென்றிருந்தார். பின்னர் 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் வந்தனர். ஏறத்தாழ 800 அடி உயர்ந்த இராஜகிரியின் உச்சிக்கு முன்னால் ஓர் ஆழ்ந்த பிளவு இருக்கிறது. அதன்மேல் இருந்த சிறு பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற இயலாது. பாறையே மறுப்புச் சொல்லும் இடம் அது. மறுப்பை ஏற்க மனமில்லாத படைகள் ஆண்டுக்கணக்கில் அடிவாரத்தில் கிடந்தன. கைப்பற்றியவர் எவரிடத்திலும் குன்று நிலைத்து நிற்கவில்லை.

இவர்களுக்கு முன், 1597-இல், இயேசு சபைத் துறவி நிக்கோலாஸ் பிமெந்தா செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சிக்காலம் அது. அவர் நகரையும் கோட்டையையும் கண்டார்; வியந்தார்; கண்டதை எழுதி வைத்துச் சென்றார். படையெடுத்தவர்களின் கையில் குன்று தங்கவில்லை. கண்டு சென்ற துறவியின் எழுத்தில் அன்றைய செஞ்சி இன்றும் இருக்கிறது. பிடிக்கப் போவதும் காணப் போவதும் வெவ்வேறு. ஆயினும் காணப் போகும் நாமே, எப்படியாவது கண்டுவிட வேண்டும், கண்டதைக் கைப்பேசியில் பிடித்துவிட வேண்டும், ஒரு கிளையையேனும் ஒடித்துக் கொண்டுவர வேண்டும் என்று புறப்பட்டால், முற்றுகையிட்ட படையின் வரிசையில் சேர்ந்து விடுகிறோம். 2025 ஜூலையில், மராத்தியர் காலக் கோட்டைகள் 12-இல் ஒன்றாக, செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இனி வருவோர் தொகை பெருகும். எவ்வாறு வர வேண்டும் என்பதை நாமே வாழ்ந்து காட்டினாலன்றி வருவோரிடம் கேட்க முடியாது.

ஆகவே நம் குடும்பம் எவ்வாறு திட்டமிடலாம்? முதலில், மலை எப்போது திறந்திருக்கும் என்று உரியவர்களிடம் கேட்டறிய வேண்டும். காப்புக்காடு மூடியிருந்தால், வெளியே பாதையோரத்திலிருந்து எந்தச் சரிவு தெரியும் என்று பார்த்து வைக்கலாம். கோட்டைக் குன்றில் ஏறுவதாயின் வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். ஆளுக்குப் போதிய தண்ணீர் வேண்டும். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, உச்சி இன்னும் பத்துப் படிகளில் இருந்தாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும். தீப்பெட்டி வேண்டா. நெகிழிப் பைகள் எத்தனை சென்றனவோ அத்தனையும் திரும்பி வர வேண்டும். பூவை மரத்திலேயே விட்டுவிட வேண்டும். குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமாக இருக்க வேண்டும். இவ்விதிகளுள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மறுப்பை முன்னரே ஏற்றுக்கொள்வதுதான். சிறு மறுப்புகளுக்குப் பழகிய மனமே பெரிய மறுப்பு வரும்போது கசப்பின்றித் திரும்பும்.

நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் ஏற முடியாதவர்களாவோம் என்பதையும் இத்துடன் எண்ணிப் பார்ப்பது நல்லது. முழங்கால் மறுக்கும், மூச்சு மறுக்கும், கண்ணும் ஒருநாள் மறுக்கும். மோசே நெபோ மலைமீது நின்று, தாம் காலெடுத்து வைக்க இயலாத நாட்டைத் தொலைவிலிருந்து கண்டார். அவருக்கு அளிக்கப்பட்டது அவ்வளவே. நாற்பதாண்டுப் பயணத்தின் முடிவில் கிடைத்த மறுப்பு அது. ஆயினும் அவர் பார்த்தார். நுழைய முடியாததை மனநிறைவோடு பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்படுகிறது. அதற்கான சிறு பயிற்சியாகவே ஒரு குடும்பத்தின் மலைப்பயணம் அமையக்கூடும்.

கொலராடோவில் காற்று முந்திக்கொண்டு பொன்னிலைகள் எல்லாம் தரையில் கிடக்கும் ஆண்டும் வரும். யூட்டா மாநிலத்தில் பாண்டோ எனப் பெயரிடப்பட்ட ஓர் ஆஸ்பென் தோப்பு உண்டு. 106 ஏக்கரில் ஏறத்தாழ 47,000 தண்டுகளோடு காணப்படும் அது உண்மையில் ஒரே வேரிலிருந்து எழுந்த ஒரே மரம். இலைகள் உதிர்ந்த பின்னும் அவ்வேர் மண்ணுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. தாமதமாக வந்து சேர்ந்தவர் காண்பது மொட்டைக் கிளைகளைத்தான். ஆனால் அவர் நிற்பது உயிருள்ள ஒன்றின்மீதுதான்.

அனந்தபுரத்துப் பாட்டி மலையேற மாட்டார். அவரை விட்டுவிட்டுப் போவதா, எல்லாரும் அடிவாரத்தோடு நின்றுவிடுவதா என்று வீட்டில் பேச்சு எழலாம். இளையவர்கள் திறந்திருக்கும் கோட்டைக் குன்றில் ஏறட்டும். ஒருவர் பாட்டியோடு கீழே புளியமர நிழலில் இருக்கட்டும். அங்கிருந்து பார்த்தாலும் சரிவில் தொலைவில் மஞ்சள் ஒன்று தெரியும். அது கோங்கா, வெயிலா என்று இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கலாம். மேலே போனவர்கள் இறங்கி வந்து, அது என்ன மரம் என்று சொல்லும் வரை.